வள்ளத்துக்கு இரண்டு பாட்டரி

சிங்கப்பூர்
10-9-1972

அன்புள்ள மலையம்மாளுக்கு,

சின்னக்கருப்பு எழுதுவது. இங்கு நான் சுகம், வலது தோளைத் தவிர. சித்திரையில் படகுக் கொட்டகையில் விழுந்ததை எழுதியிருந்தேன் அல்லவா, இனி அந்தக் கை மார்புக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். சாப்பிட, எழுத, சட்டை போடப் பழுதில்லை. பளு தூக்குவது மட்டும் முடிந்த கதை.

இன்னொரு செய்தி. வெள்ளைக்காரப் பட்டாளம் போன வருஷமே இந்த ஊரைக் காலி செய்துவிட்டது. அவர்களுடைய படகுகளை வைத்துத்தான் எங்கள் கொட்டகை பிழைத்தது. இந்த வருஷக் கடைசியில் அதை மூடுகிறார்கள். எனக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. சரவாக் காட்டில் ஒரு மரக்கம்பெனி, காவல்காரன் வேலை, மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு வந்து நம் பெரிய கண்மாயின் மீன் குத்தகையை எடுக்க வேண்டும். தை மாதம் ஏலம் வரும்.

கண்மாய் நிறைந்து கிடக்கும்போது வலை போட வள்ளம் வேண்டும். வள்ளத்தைக் கழி ஊன்றித் தள்ள இரண்டு கை வேண்டும். எனக்கு இருப்பது ஒன்றரை. அதற்குத்தான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கொட்டகையில் என்னோடு வேலை பார்த்த அழகுசுந்தரம் அடுத்த கப்பலில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் ஒரு மோட்டார் கொடுத்தனுப்புகிறேன். ஊருக்குப் போன அமெரிக்கத் துரை மீன் பிடிக்க வைத்திருந்தது. எண்ணெய் வேண்டாம், பாட்டரியில் ஓடும். சத்தம் வராது, மீன் கலையாது. வள்ளத்தின் பின்பலகையில் மாட்டிவிட்டால் ஒற்றைக் கையால் திருப்பிக்கொண்டு போகலாம்.

தம்பி பெத்தனைத் தொண்டிக்கு அனுப்பி ஒரு பழைய வள்ளம் வாங்கச் சொல். காரைக்குடியில் பன்னிரண்டு வோல்ட் லாரி பாட்டரி ஒன்று வாங்குங்கள். கடையிலேயே திராவகம் ஊற்றி சார்ஜ் ஏற்றித் தருவார்கள். சிவப்பு வயர் கூட்டல் குறி போட்ட முனையில், கறுப்பு வயர் கழித்தல் குறி போட்ட முனையில். மாற்றி மாட்டிவிடக் கூடாது. பாட்டரியை மரப்பெட்டிக்குள் வைத்து நனையாமல் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

மோட்டார் ஓடுகிறது என்று நீ எழுதினால் நான் கப்பல் ஏறுவேன். ஓடவில்லை என்றால் சரவாக். கையை மடியில் வைத்துக்கொண்டு தம்பி உழைப்பில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. இதை நீ தப்பாக நினைக்கக் கூடாது.

இப்படிக்கு,
சின்னக்கருப்பு


கல்லல்
22-10-1972

அன்புள்ள அத்தானுக்கு,

மலையம்மாள் எழுதுவது. நானும் உங்கள் தம்பியும் மாடு கன்றும் சுகம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதில் தோளுக்கு நாலு வரி, பாட்டரிக்கு ஒரு பக்கம். வலி இருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

மோட்டார் வந்து சேர்ந்தது. வள்ளமும் வந்தது. தொண்டியிலிருந்து மாட்டு வண்டியில் அதைக் கவிழ்த்துப் போட்டுக் கொண்டுவந்தார் பெத்தன். வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை. தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுச் சோணையம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "ஏத்தா மலையம்மா, கடலு இங்குட்டு வரப்போகுதுன்டு சிங்கப்பூர்லருந்து தகவல் வந்துருக்கா?" என்று கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன்.

பாட்டரியும் வாங்கினோம். கல்லைக் கட்டித் தூக்குகிற கனம். பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் விடவில்லை. திராவகம் சிந்தினால் யார் பொறுப்பு என்றான். சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார் பெத்தன். இறக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சேலையைத் துவைத்த பிறகு பார்த்தால் மடி முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. போன தடவை நீங்கள் வந்தபோது எடுத்துக் கொடுத்த கண்டாங்கி அது. ஆறு வருஷமாகப் பொத்திப் பொத்திக் கட்டியது.

அதுகூடப் போகட்டும். மோட்டார் ஓடவில்லை. ஆயுத பூஜை வருகிறதே, அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று இருந்தோம். "சாமி கும்புடாம புதுச் சாமானத் தொடக்கூடாது மதினி" என்று பெத்தனும் சொன்னார். கலப்பை, அரிவாளோடு பாட்டரியையும் வரிசையில் வைத்து, அதன் இரண்டு முனைக்கும் நல்ல சந்தனமாக உரைத்து நானே அப்பி, குங்குமம் வைத்தேன். மறுநாள் கண்மாய்க்குக் கொண்டுபோய் நீங்கள் எழுதியபடியே சிவப்பு, கறுப்பு பார்த்து மாட்டினோம். மோட்டார் அசையவே இல்லை. திரும்பவும் காரைக்குடிக்குச் சைக்கிள். கடைக்காரர் பாட்டரி முனைகளின் பக்கவாட்டில் சுரண்டி, வயரை வைத்து பல்பு எரியவிட்டுக் காட்டினார். "பாட்டரிக்கு ஒரு நோவும் இல்ல தம்பி, மோட்டாரப் பாருங்க" என்றாராம். பெத்தன் உங்கள் பேரிலும் கடைக்காரர் பேரிலும் ஒரே எரிச்சலாகத் திரிகிறார்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று தெருவில் கேட்கிறார்கள். மோட்டாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
மலையம்மாள்


சிங்கப்பூர்
3-11-1972

அன்புள்ள மலையம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன், இடது கையால். பாட்டரி முனையில் சந்தனம் அப்பினால் மின்சாரம் எப்படி வரும்? காய்ந்த சந்தனத்தின் மேல் வயரை மாட்டிவிட்டு மோட்டாரைக் குற்றம் சொல்கிறீர்கள். கடைக்காரர் சுரண்டியதும் பல்பு எரிந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்போதாவது ஒருவருக்கும் தோன்றவில்லையா? பெத்தன் ஐந்தாவதுவரை படித்தவன்.

சந்தனத்தைச் சுத்தமாகச் சுரண்டு. வெந்நீர் விட்டுத் துணியால் துடைத்து, ஈயம் பளபளக்கும்வரை தேய். துடைக்கும்போது பாட்டரிக்குள் தண்ணீர் போகக் கூடாது. பிறகு வயரை இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவு. சாமி கோபித்துக்கொள்ளாது, பெட்டிக்குச் சந்தனம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். நான் சாமான்களை எண்ணி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். சரவாக் கம்பெனியின் ஆள் வாரம் இரண்டு தரம் எங்கள் அறைக்கு வருகிறான். ஜனவரி ஐந்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறான். நீயோ சேலை ஓட்டையாகிவிட்டது என்று எழுதுகிறாய். வேறு சேலை வாங்கிக்கொள்ளலாம். மோட்டாரைக் கவனி.

தோள் வலி மழைக்கு இருக்கிறது, வெயிலுக்கு இல்லை. இங்கே தினமும் மழை.

இப்படிக்கு,
சின்னக்கருப்பு


கல்லல்
19-11-1972

அன்புள்ள அத்தானுக்கு,

மலையம்மாள் எழுதுவது. நான் சுகம். உங்கள் தம்பிக்கு ஜலதோஷம். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள்.

சந்தனத்தை நீங்கள் சொன்னபடி சுரண்டினோம். வாஸ்லின் தடவினோம். மோட்டார் ஓடியது. முற்றத்தில் பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டுப் பார்த்தோம், அண்டாத் தண்ணீர் பாதி வெளியே வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். கண்மாயில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அதற்குள் சிங்கப்பூர்ச் சாமான் ஓடுகிறது என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் காட்டாமல் எப்படி இருப்பது? திருக்கோஷ்டியூரிலிருந்து உங்கள் அத்தை வீட்டார் வந்தார்கள், ஓட்டிக் காட்டினோம். காளையார்கோவில்காரர்கள் வந்தார்கள், ஓட்டிக் காட்டினோம். முன்பே பார்த்தவர்கள் புதிதாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் சின்ன மாமன் மட்டும் மூன்று தரம் பார்த்தார். காட்டமாட்டோம் என்றால், புருஷன் சிங்கப்பூரில் இருக்கிற கர்வம் என்பார்கள். நாலு நாள் அண்டாவில் ஓடியே பாட்டரியின் உயிர் போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வள்ளத்தில் மாட்டினோம். கரையெல்லாம் கூட்டம். மோட்டார் இருக்கும்போது கழி எதற்கு என்று அதைக் கரையிலேயே போட்டுவிட்டு ஏறினார் பெத்தன். நடுக் கண்மாய்வரை ஆடாமல் அசையாமல் அழகாகப் போனது. அங்கே நின்றது. நின்றது நின்றதுதான். கரையிலிருந்து ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியில் பெத்தன் தண்ணீரில் குதித்து, கயிற்றை இடுப்பில் கட்டி, நீந்தியே வள்ளத்தை இழுத்துக்கொண்டு வந்தார். அதில்தான் ஜலதோஷம். கரையேறியதும் அவர் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன்.

இப்போது பாட்டரி மறுபடி காரைக்குடியில் இருக்கிறது. அவர்களிடம் வரிசையில் பத்து லாரிப் பாட்டரி காத்திருக்கிறதாம்.

அத்தான், ஒன்று கேட்கிறேன். வேறு சேலை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சேலை இல்லாமல் அதை எழுதவில்லை. மூன்று கடிதமாக ஒரு மோட்டாரைப் பற்றியே புருஷனும் பெண்டாட்டியும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த இரும்பு ஓடினால்தான் நீங்கள் வருவீர்களா? கை எழும்பாவிட்டால் உங்களுக்குச் சோறு போட மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?

உங்கள்
மலையம்மாள்


சிங்கப்பூர்
30-11-1972

மலையம்மாளுக்கு,

சின்னக்கருப்பு எழுதுவது. நீ சொல்லவில்லை. நீ சொல்ல மாட்டாய் என்றும் தெரியும். ஊர் சொல்லும். இருபது வருஷம் சிங்கப்பூரில் இருந்தவன் கை முடமாகித் திரும்பி வந்து தம்பி சோற்றைத் தின்கிறான் என்று சோணையம்மாள் வாசலில் நின்று சொல்லுவாள். எனக்கு அதைக் கேட்கத் தெம்பில்லை. காட்டில் காவல் காத்தாலும் மாதம் பிறந்தால் உனக்கு அனுப்ப ஏதாவது இருக்கும்.

இருபது வருஷம் படகு பார்த்தவன் நான். ஒரு பாட்டரியை மாட்டி ஓட்டத் தெரியாத ஊருக்கு வந்து என்ன செய்யப் போகிறேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அண்டாவில் விட்டு நாலு நாள் வேடிக்கை காட்டினீர்களாம். ஒருவருக்கும் பொறுப்பில்லை. எழுதும்போதே கோபம் வருகிறது.

கடைசியாகச் சொல்கிறேன். பாட்டரி இரண்டு வேண்டும். இன்னொன்று வாங்குங்கள். ஒன்று வள்ளத்தில் ஓடும்போது மற்றது கடையில் சார்ஜ் ஏற வேண்டும். அது தீர்ந்ததும் இது, இது தீர்ந்ததும் அது. ஒருவருக்கும் காட்ட வேண்டாம். பெத்தனுக்குத் தெரியாவிட்டால் லாரி வேலை தெரிந்த ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி ஐந்தாம் தேதிக்கு முன்னால் உன் பதில் இங்கே இருக்க வேண்டும். ஓடவில்லை என்றாலும் அப்படியே எழுது. நான் சரவாக்கில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இரண்டு பேரும் இப்படி எழுதி எழுதி அலுத்துப்போவதைவிட அது மேல்.

சின்னக்கருப்பு


கல்லல்
14-12-1972

அன்புள்ள அத்தானுக்கு,

மலையம்மாள் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம்.

நீங்கள் எழுதியபடி இரண்டாவது பாட்டரி வாங்கினோம். லாரிப் பட்டறை சொக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடியது. பெரிய மடையிலிருந்து, தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிற கலுங்குவரை ஒரே ஓட்டமாக ஓடியது. கரையில் இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். இப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை என்று சொல்கிறார்கள்.

கண்மாய் நிறைந்திருக்கிறது. கெண்டை துள்ளுவது வீட்டுக் கொல்லையிலிருந்தே தெரிகிறது. தை ஐந்தாம் தேதி ஏலம்.

வாருங்கள்.

உங்கள்
மலையம்மாள்


சிங்கப்பூர்
27-12-1972

என் அன்புள்ள மலையம்மாளுக்கு,

சின்னக்கருப்பு எழுதுவது. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். மடையிலிருந்து கலுங்குவரை என்றால் அரை மைலுக்குக் குறையாது. அந்தச் சின்ன மோட்டார் அவ்வளவு வேகமாகப் போகும் என்று நானே நினைக்கவில்லை. சொக்கு நல்ல வேலைக்காரனாக இருக்க வேண்டும்.

எப்போதும் மூன்று பக்கம் திட்டி எழுதுவாய். இந்தத் தடவை அரைப் பக்கம்தான். போன கடிதத்தில் நான் எழுதியது உன்னைச் சுட்டிருக்கிறது என்று புரிகிறது. தபாலில் போட்ட பிறகுதான் படித்துப் பார்த்தவனைப் போல வருத்தப்பட்டேன். மன்னித்துவிடு. இங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

சரவாக் ஆளிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்துக்கு உடனே வேறு ஒருவனை எழுதிக்கொண்டான். எனக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜனவரி பதினேழாம் தேதி இங்கிருந்து கிளம்பி, இருபத்து நாலாம் தேதி வாக்கில் நாகப்பட்டினம் வந்து சேரும். அதற்கு முன்னால் கப்பல் இல்லை, ஏலத்தில் பெத்தனைக் கேட்கச் சொல். நாகப்பட்டினத்தில் இருக்கிற உன் சித்தப்பா மகன் சின்னக்கண்ணுவைக் கப்பலடிக்கு வரச் சொல். பெட்டியைத் தூக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமாக இல்லை. மோட்டாரைத் திருப்ப ஆள் வேண்டாம் அல்லவா.

தோள் இரண்டு நாளாக வலிக்கவே இல்லை.

உன்
சின்னக்கருப்பு


கல்லல்
21-1-1973

அன்புள்ள அத்தானுக்கு,

மலையம்மாள் எழுதுவது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சின்னக்கண்ணு நேற்று இங்கே வந்தான், இன்றைக்கு நாகப்பட்டினம் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்து, நீங்கள் கப்பலை விட்டு இறங்கி, காலைத் தரையில் ஊன்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள். அங்கே பெட்டி மேல் உட்கார்ந்து படியுங்கள்.

மோட்டார் எரிந்துபோய்விட்டது.

ஓடியதை எழுதினேன், எரிந்ததை எழுதவில்லை. ஒன்று வள்ளத்தில், ஒன்று கடையில் என்று நீங்கள் தெளிவாகத்தான் எழுதியிருந்தீர்கள். சொக்குவிடம் உங்கள் கடிதத்தைப் படித்தே காட்டினேன். அவர் கேட்கவில்லை. "லாரியில எப்பவும் ரெண்டையும் சேத்துத்தேன் கட்டுவோம்க்கா. ஒத்த மாட்டப் பூட்டி எங்குட்டுப் போவீக? அண்ணே படகுக்காரரு, அவருக்குப் பாட்டரி நெளிவு சுளிவு தெரியாது" என்றார். கடையில் வைக்க வேண்டிய பாட்டரியையும் வள்ளத்தில் ஏற்றி, லாரியில் கட்டுவது போல ஒன்றின் முனையை மற்றதன் முனையோடு இணைத்துவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன ஜனவரி ஐந்து நெருங்குகிறதே, எப்படியாவது ஓடினால் போதும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு வோல்ட் மோட்டாருக்குள் இருபத்து நாலு போனது. மடையிலிருந்து கலுங்குவரை பிசாசு பிடித்த மாதிரி ஓடியது. பெத்தன் நின்றுகொண்டு கையை ஆட்டினார். கரையில் எல்லாரும் விசில் அடித்தார்கள். கலுங்கருகே திருப்பும்போது கருகின நாற்றம் வந்து, புகை வந்து, முடிந்தது. சொக்கு அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே சுற்றியிருந்த கம்பியெல்லாம் கரியாகிக் கிடந்தது. காரைக்குடியிலும் மதுரையிலும் காட்டினோம், மறுபடி கம்பி சுற்றிக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாட்டரி இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் வேலை இல்லை.

மதுரையில் கைவிரித்த அன்றைக்குச் சாயங்காலம் உங்களுக்கு உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை என்றால் அப்படியே எழுது, சரவாக்கில் கையெழுத்துப் போடுகிறேன் என்று நீங்கள் எழுதிய வரி முன்னால் கிடந்தது. மூன்று வருஷம். அதற்குமேல் பேனா ஓடவில்லை. பாதியை எழுதி ஒட்டிவிட்டேன். போட்ட பிறகு ஐந்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் பதிலில் தோள் வலிக்கவே இல்லை என்று படித்தபோது இன்னும் மோசமாகிவிட்டது. உங்களை ஏமாற்றிக் கப்பல் ஏற்றியிருக்கிறேன். அதை மறுக்க மாட்டேன்.

மற்ற செய்தியையும் கேளுங்கள். குத்தகை நமக்குத்தான் வந்தது. ஏலத்தில் நானே கேட்டேன். பொம்பளை கேட்கலாமா என்று ஒரு பேச்சு எழும்பியது. வள்ளம் யாரிடம் இருக்கிறது என்று பெத்தன் திருப்பிக் கேட்டார், அடங்கிவிட்டது. இரண்டு வாரமாகக் கழி ஊன்றப் பழகுகிறேன். முதல் நாள் வள்ளம் வட்டம் போட்டது, நான் தண்ணீரில் விழுந்தேன். சோணையம்மாள் கரையில் நின்று சிரித்தாள். இப்போது நேராகப் போகிறது. இரண்டு உள்ளங்கையும் காய்த்துவிட்டன. ஏலம் முடிந்த மறுநாள், முந்தாநாள், பெத்தன் வலை போட்டார், நான் தள்ளினேன். ஒரு கூடை கெண்டையும் நாலு விராலும் கிடைத்தன. ஆனால் வலையை எங்கே போடுவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இருபது வருஷம் தண்ணீரோடு இருந்தவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, அங்கே போ, இங்கே திருப்பு என்று சொல்ல வேண்டும். அதற்குத் தோள் வேண்டாம், உங்கள் வாய் போதும். கடிதத்தில் அது எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் உங்களைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. மோட்டார் வந்த நாளிலிருந்து அதன் பேரில் எனக்கு ஒரே ஆத்திரம். எனக்கு நீங்கள் வேண்டும். எழும்பாத கையோடு வேண்டும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கடிதத்தில் இதையெல்லாம் எழுதுவதா என்று கூச்சப்பட்டு, சந்தனத்தையும் சேலையையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்களுக்கு என் மேல் கோபம் வந்திருக்கும். நியாயமான கோபம்தான். சின்னக்கண்ணுவிடம் விசாரித்தேன். சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகிற அடுத்த கப்பலுக்குப் பதினைந்து நாள் ஆகுமாம். போவதென்றால் நான் மறிக்க மாட்டேன். அந்தப் பதினைந்து நாளும் நாகப்பட்டினத்தில் எங்கேயோ ஒரு அறையில் கோபமாக இருப்பதற்கு, வீட்டுக்கு வந்து கோபமாக இருங்கள்.

உங்கள்
மலையம்மாள்